கடைசி சீட்டில் உங்கள் அம்மாவை உட்கார வைத்துப் பாருங்கள்



இன்றைக்குக் கார் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுதான். ஸ்கூட்டியே ஐம்பது வயதுக்கு மேல்தான் பழகினேன். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்து போன அனுபவம் நாற்பது வருடம் இருக்கிறது. கார் ஓட்டுகிறவர்கள் நிறைய எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். பின்னால் உட்காருகிறவர்கள் யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் அக்கா மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஏழு பேர் போகிற மாதிரி ஒரு எஸ்.யு.வி. வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாக அலைகிறான். "சித்தி, இதைப் பாருங்க, அதைப் பாருங்க" என்று வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினான். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே கதைதான். எஞ்சின் பற்றிப் பத்து நிமிடம், திரை பற்றி ஐந்து நிமிடம், மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை பற்றி ஐந்து நிமிடம். கடைசியில் அந்தத் தம்பி மூன்றாவது வரிசையில் ஏறி, முட்டி இடிப்பதைக் காட்டிவிட்டு, "குழந்தைகளுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிப் பத்து நொடியில் இறங்கிவிடுகிறார்.

நம் வீடுகளில் மூன்றாவது வரிசையில் குழந்தைகளா உட்காருகிறார்கள்? நினைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் வீட்டின் பெரிய ஆம்பளை. நடு வரிசை ஜன்னலோரம் வாந்தி எடுக்கிறவர்களுக்கு. கைக்குழந்தைக்காரிக்கு இன்னொரு ஜன்னல். மிச்சம் இருப்பது யார்? "அம்மாயி ஒல்லியாத்தான இருக்குது, பின்னாடி ஏறிக்கட்டும்." இதுதானே நடக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போனோம். உறவுக்காரர் ஒருவரின் ஏழு சீட்டு வண்டி. வண்டியின் பெயர் வேண்டாம். அக்காவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நடு சீட்டை மடித்துவிட்டு, அந்தச் சந்தில் குனிந்து நுழைந்து கடைசி வரிசைக்குப் போனாள். காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தால் மேலே போவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கே தெரியும். அறப்பளீஸ்வரர் கோயிலில் போய் இறங்கினால் அக்காவால் வெளியே வர முடியவில்லை. இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்து இறக்கினார்கள். நிற்க முடியாமல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு, கால் மரத்துப் போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு பழனிக்குப் போனபோது அக்கா வரவில்லை. ஆத்தூர் கல்யாணத்துக்கும் வரவில்லை. சொந்தப் பேரன் பட்டம் வாங்கிய விழாவுக்கும் வரவில்லை. "வூட்டுக்கு ஆள் வேணுமில்ல, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நாங்களும் நம்பினோம். உண்மையான காரணம் எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. கொல்லிமலைக்குப் போனபோது நடு வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான்தான். எனக்கு வாந்தி வரும் என்று கொடுத்த இடம். எழுபது வளைவிலும் ஒரு தடவைகூட நான் திரும்பி, "அக்கா, கால் நீட்ட இடம் இருக்கா?" என்று கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு குடும்பக் காரின் தரம் அதன் கடைசி சீட்டில்தான் இருக்கிறது. யார் வீட்டோடு தங்கிவிட வேண்டும் என்று அந்தச் சீட்டுதான் முடிவு செய்கிறது.

முன்னெல்லாம் நாம் சொகுசாகப் போனோமா என்று கேட்பீர்கள். இல்லை. அம்பாசடரில் ஒன்பது பேர் போனவர்கள்தான் நாம். மெட்டடோர் வேனில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். 1994இல் டாடா சுமோ வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. (சுமந்த் மூல்காவ்கர் என்ற டாடா நிறுவனத்துப் பெரியவரின் பெயரிலிருந்து எடுத்த முதலெழுத்துகள்தான் 'சுமோ'. ஜப்பான் மல்யுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த என் பழைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.) அதில் பின்னால் எதிரெதிரே பெஞ்சு. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போவோம். 2000இல் குவாலிஸ், 2005இல் இன்னோவா வந்தன. இன்னோவாவுக்கு இன்றுவரை வாடகைக்கு இவ்வளவு மவுசு ஏன்? பார்க்க அழகு என்பதற்காகவா? கடைசி சீட்டில் உட்கார்ந்தவரும் ஊர் போய்ச் சேர்ந்ததும் தானாக இறங்கி நடக்கிறார் என்பதற்காகத்தான்.

இப்போது ஒரு சின்னப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

வண்டி பெரியதாக இருந்தால் உள்ளே இடமும் பெரிது என்று நாம் நினைக்கிறோம். அது தப்பு. வெளியே தெரிகிற நீளத்தில் முன்பக்கம் எஞ்சின் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, பம்பர்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மனிதர்கள் உட்கார உதவுவது முக்கியமாக முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம். அதைத்தான் வீல்பேஸ் என்கிறார்கள்.

ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா ஃபார்ச்சூனரின் நீளம் 4795 மில்லிமீட்டர். இன்னோவா ஹைகிராஸின் நீளம் 4755. ஃபார்ச்சூனர்தான் நீளம். ஆனால் வீல்பேஸ்? ஃபார்ச்சூனருக்கு 2745, ஹைகிராஸுக்கு 2850. நீளத்தில் 40 மில்லிமீட்டர் குறைந்த வண்டி, உட்காருகிற இடத்தில் 105 மில்லிமீட்டர் கூடுதல். அதாவது நான்கு அங்குலம். நான்கு அங்குலம் என்றால் முட்டி இடிப்பதற்கும் இடிக்காததற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு கணக்கு. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் 4662 மில்லிமீட்டர் நீளம். மாருதி எர்டிகா அதைவிட நீளம் குறைவு. பக்கத்தில் நிறுத்தினால் எர்டிகா தம்பி மாதிரித் தெரியும். வீல்பேஸ் பார்த்தால் 2750க்கு 2740. வெறும் பத்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! எக்ஸ்யூவி 700க்கும் அதே 2750. கியா கேரன்ஸுக்கு 2780. எர்டிகாவை யாரும் எஸ்.யு.வி. என்று சொல்வதில்லை. ஆனால் ஏழு பேர் போவதற்கென்றே யோசித்துச் செய்த வண்டி அது.

வீல்பேஸ் மட்டும் போதுமா? போதாது. உயரக் கணக்கு இன்னொன்று இருக்கிறது. ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர் எல்லாம் லாரி மாதிரி கீழே தனியாக இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் பாடி வைத்த வண்டிகள். மோசமான பாதைக்கும் பாரம் இழுப்பதற்கும் அது நல்லது. ஆனால் சட்டத்துக்கு மேலே தரை வருவதால், உள்ளே தரை உயர்ந்துவிடும். பின்சக்கரத்தின் அச்சும் அங்கேதான் இருக்கிறது. தரை உயர்ந்து, கூரை அங்கேயே இருந்தால் நடுவே என்ன ஆகும்? சீட்டைத் தாழ்த்தித்தான் போட வேண்டும். சீட்டு தாழ்ந்தால் முட்டி மேலே தூக்கும். அக்காவின் முட்டி அன்றைக்கு மோவாய்க்கு வந்ததன் காரணம் இதுதான். பழைய இன்னோவாவும் சட்டம் போட்ட வண்டிதான் என்று சொல்வீர்கள். உண்மைதான். அதைச் செய்தவர்கள் மூன்றாவது வரிசையையும் மனதில் வைத்துச் செய்தார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

இதைச் சரியாக எனக்கு விளக்கியவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது குஷன் கடை வைத்திருக்கிறான். நம் நாமக்கல் மாவட்டம் லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன இடம். சீட்டு பற்றித் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்கு நான்கு பேர். 2025 அக்டோபர் 1 முதல் செய்கிற லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. சுமை ஏற்றுகிற வண்டியில்கூட உட்காருகிறவனின் உடம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவன் சொன்னான்: "டீச்சர், ஷோரூம்ல மெத்துமெத்துன்னு இருக்கறது வேற, கரூர் தாண்டினப்பறம் இருக்கறது வேற. ரொம்ப மெத்துன்னு இருக்கற ஃபோம் அரை மணி நேரத்துல அமுங்கிரும். அப்பறம் இடுப்புதான் வாங்கும். கொஞ்சம் கெட்டியா இருக்கணும், தொடை முழுசும் சீட்டு மேல பதியணும்." மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பையன். இன்றைக்கு எனக்கு வாத்தியார்.

தொடை பதிய வேண்டும் என்று அவன் சொன்னதும் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு பெஞ்சைப் போடாதே, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், கால் தொங்கினாலும் குறுகினாலும் பிள்ளையின் கவனம் பாடத்தில் நிற்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பார்த்ததை எழுபது வயது அம்மாவுக்குப் பார்க்கத் தெரியவில்லையே நமக்கு!

அடுத்து நான்கு மீட்டர் விஷயம். பிரெஸ்ஸா, நெக்ஸான் போன்ற வண்டிகள் எல்லாம் 4 மீட்டருக்குள் அடங்குவது தற்செயல் இல்லை. 2006 பட்ஜெட்டிலிருந்து, நான்கு மீட்டருக்குள், குறிப்பிட்ட அளவு எஞ்சினோடு இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு அந்தச் சிறிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40 சதவீதம். பொலேரோ 3995 மில்லிமீட்டர் நீளம், 1493 சி.சி. டீசல். சட்டப்படி அதுவும் சிறிய கார்தான்! ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து அளந்திருக்கிறார்கள். எது எஸ்.யு.வி. என்று வரிக்காக அரசு முன்பு சொன்ன கணக்கையும் பார்த்தேன். நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். உட்காருகிறவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சட்டம் வண்டியை அளந்தது. நம் முட்டியை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை போட்டால் ஒன்று கால் குறுகும், அல்லது பொலேரோவில் இருப்பது போலப் பின்னால் பக்கவாட்டில் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும். பக்கத்து ஊர் சந்தைக்குப் போக அது போதும். நீண்ட பயணத்துக்கு வயதானவர்களை அதில் உட்கார வைக்காதீர்கள். வண்டி திடீரென்று முன்னால் மோதினால் பக்கவாட்டில் உட்கார்ந்தவரின் உடம்பு பக்கவாட்டிலேயே தூக்கி எறியப்படும். முன்நோக்கிய பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆயிரம் ரூபாயை விடுங்கள், உயிர் முக்கியம். கடைசி வரிசை பெல்ட்டை சீட்டுக்கடியிலிருந்து தேடி எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

எஸ்.யு.வி.யே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வீட்டில் நான்கு பேர்தான் என்றால் ஐந்து சீட்டு எஸ்.யு.வி. வயதானவர்களுக்கு நல்லதுதான். தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது முட்டிக்குத்தான் வேலை. நடுத்தர உயர எஸ்.யு.வி.யில் சீட்டு இடுப்பு உயரத்துக்கு வரும், அப்படியே சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி ரொம்ப உயரமாக இருந்தால் ஏறவே படி வேண்டும். அதையும் பாருங்கள்.

அக்கா மகன் என்னிடம் சண்டைக்கு வந்தான். "சித்தி, தினமும் ஓட்டறது நான். வருஷத்துல நாலு தடவைதான் எல்லாரும் சேர்ந்து போறோம். அந்த நாலு நாளுக்காக எனக்குப் பிடிச்ச வண்டிய விடணுமா?" நியாயமான கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "அப்படின்னா அஞ்சு சீட்டு வண்டிய வாங்கிக்க சாமி. அந்த நாலு நாளுக்கு ஒரு இன்னோவாவ வாடகைக்குப் பிடி. அது நேர்மையான கணக்கு. ஏழு சீட்டுன்னு காசு குடுத்து வாங்கிட்டு, உங்கம்மாவ அதுல மடிச்சு வெச்சிராத."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. கொல்லிமலை விஷயத்தை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, அக்காவையும் என்னையும் சேலத்துக்குக் கூட்டிப் போனான். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துத்தான் போனான். நான் தையல் பெட்டியிலிருந்து டேப் எடுத்துக்கொண்டேன். விற்பனைப் பிள்ளைகள் சிரித்தார்கள், பரவாயில்லை. அன்றைக்கு நான் பார்த்தவற்றை உங்களுக்காக எழுதுகிறேன்:

1. முதலில் ஓட்டுகிறவர் தனக்கு வசதியாக முன்சீட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். பிறகு அதற்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர் உட்காருங்கள். முன்சீட்டை முன்னால் இழுத்துவிட்டுப் பின்சீட்டில் இடம் காட்டினால் நம்பாதீர்கள்.

2. கடைசி வரிசைக்கு வீட்டிலேயே வயதானவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நடு சீட்டு எப்படி மடிகிறது என்று பாருங்கள். கேரன்ஸின் உயர்ந்த வகைகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு தானாக மடிகிறது. சில வண்டிகளில் பலம் போட்டு இழுக்க வேண்டும். நடுவே தனித்தனி சீட்டு போட்ட ஆறு சீட்டு வண்டியில் நடுச்சந்து வழியாகப் போகலாம்.

3. தரையிலிருந்து சீட்டு எவ்வளவு உயரம் என்று டேப் வைத்துப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி சுமார் பதினெட்டு அங்குலம் இருக்கும். அவ்வளவு காரில் வராது. ஆனால் எந்த வண்டி அதற்குக் கிட்ட வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. தொடை சீட்டில் பதிகிறதா? முட்டியின் பின்பக்கத்துக்கும் சீட்டின் விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் போதும்.

5. நடு வரிசையில் நடுவே உட்காருகிறவரை மறக்காதீர்கள். அங்கே தலைக்குச் சாய்மானம் இருக்கிறதா, மூன்று முனை பெல்ட் இருக்கிறதா?

6. மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் அதன் சட்டம் தலைக்கு மேலே உயரத்தைக் கொஞ்சம் தின்னும். நம் சேலம் வெயிலுக்கு அதைத் திறந்துகொண்டு யார் போகப் போகிறார்கள்?

7. ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு பைகளை எங்கே வைப்பது? மூன்று வரிசையும் நிமிர்த்தி வைத்தால் எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216, ஹைகிராஸில் 300 என்று கணக்கு. பை எல்லாம் கடைசி வரிசைக்காரர் மடிக்கு வந்துவிடக் கூடாது.

8. ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் போகாதீர்கள். கடைசி சீட்டில் ஒருவரை வைத்து அரை மணி நேரம், வேகத்தடை உள்ள தெருவில் ஓட்டுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குலுக்கல் அதிகம்.

மொத்தம் நான்கு வண்டி பார்த்தோம். முதல் மூன்றிலும் அக்கா ஏறினாள், "நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னாள், இறங்கினாள். அவள் எதற்கும் அப்படித்தான் சொல்வாள். நான்காவது வண்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் கீழே குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "கண்ணு, இதுல கால் ஊனுது" என்றாள். அக்கா மகன் கதவோரம் நின்றிருந்தான். ஒன்றும் பேசவில்லை. உள்ளே ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இன்னும் முன்பணம் கட்டவில்லை, வீட்டில் பேசி முடிவு செய்யட்டும். எந்த வண்டி என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அக்காவின் கால் ஊன்றிய வண்டி உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும் என்று என்ன நிச்சயம்? அவரவர் அம்மாவைக் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வூட்டப் பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன தடவை எந்த சீட்டுல உட்கார்ந்த?" பதிலை எனக்கு எழுதுங்கள், படிக்கிறேன்.

வருகிற ஆடிப் பதினெட்டுக்கு மறுபடி கொல்லிமலை போவதாக இருக்கிறோம். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மலை முடிகிற வரை ஜன்னலோரம் அவளுக்குத்தான். கடைசி வரிசையில் நான் உட்காருவேன், வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள். மெதுவாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ராசிபுரம்.